பளபளா அத்தானின் படகுக் கூரை

என் அக்கா வீட்டுக்காரரைப் படகுத்துறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பளபளா’ என்றால்தான் ஆள் யாரென்று தெரியும். எனக்கு முறை என்று ஒன்று இருப்பதால் நான் மட்டும் ‘பளபளா அத்தான்’ என்பேன், அதுவும் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். அவருடைய நகக்கண்களில் முப்பத்தைந்து வருடமாக வெள்ளிப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்த அன்றுகூட இடது காதுமடலில் ஒரு சொட்டு இருந்தது. என் அம்மா அதைக் கடுக்கன் என்று நினைத்து, பையன் ஒரு மாதிரியானவனோ என்று பந்தி முடியும்வரை கவலைப்பட்டாள்.

படகு வாங்குவதற்கு முன்னால் அவர் நகரத்துக் கிடங்கில் பெயின்டராக இருந்தார். விளக்குக் கம்பம், பூங்கா வேலி, பாலத்துக் கைப்பிடி என்று எது வெறும் இரும்பாக நின்றாலும் அதற்கு வெள்ளி பூசுவது வேலை. துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்த பிறகுதான் பூச வேண்டும் என்பது விதி. அத்தானுக்குச் சுரண்டுவது பிடிக்காது. சுரண்டினால் அசிங்கம் வெளியே வரும், பூசினால் உள்ளே போகும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பார். அவருடைய மேற்பார்வையாளரோ வண்டியை விட்டுக் கீழே இறங்காதவர். ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்தால் எல்லாக் கம்பமும் ஒரே அழகுதான். ஒரு நாளில் அதிகக் கம்பம் முடித்தவர் என்று அத்தானுக்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு அந்தக் கம்பங்களில் ஒன்று அடியோடு இற்றுப்போய் ஒரு காய்கறி வண்டியின் மேல் சாய்ந்தது. விழும்போதும் பளபளவென்றுதான் விழுந்தது. சான்றிதழ் இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது, சட்டத்துக்கு வெள்ளி பூசி.

பூசி மெழுகுவது என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அத்தான் அதைக் கையில் பிரஷ் பிடித்துச் செய்தார். பக்கத்து வீட்டில் ஒரு மடக்கு ஏணியை இரவல் வாங்கியவர், சும்மா திருப்பிக் கொடுத்தால் மரியாதை இல்லையென்று அதற்கு இரண்டு கோட் வெள்ளி அடித்துக் கொடுத்தார். விரித்து வைத்து அடித்ததால் கீல்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. ஏணி அதற்குப் பிறகு மடங்கவும் இல்லை, அந்த வீட்டு வாசலுக்குள் நுழையவும் இல்லை. கொல்லையில் காலைப் பரப்பிக்கொண்டு நிற்கிறது, துணி காயப்போடுகிறார்கள். மின்சார மீட்டர் பெட்டிக்கு அடித்தபோது கண்ணாடியையும் சேர்த்து அடித்துவிட்டார். அளவெடுக்க வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது என்ன மீட்டரா முகம் பார்க்கிற கண்ணாடியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். அக்காவின் சமையலறை ஜன்னலைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது. பதினோரு வருடத்துக்கு முன்னால், அக்கா தன் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போய் ஒரு மாதம் தங்கியிருந்தாள். திரும்பி வரும்போது வீடு மின்ன வேண்டும் என்று அத்தான் சமையலறை ஜன்னலைப் பூசி வைத்திருந்தார். அந்த வீட்டில் காற்று வருகிற ஒரே வழி அதுதான். கதவுகளைச் சாத்தியபடியே, சந்து பொந்து விடாமல், கொண்டியையும் சேர்த்துப் பூசியிருந்தார். அக்கா வந்து தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. “திறந்தா தூசிதான் வரும், அப்படியே இருக்கட்டும்,” என்றார். புகை வருகிறதே என்றதற்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை சரி செய்கிறேன் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வந்தபாடில்லை. அக்கா சமைத்துவிட்டு வியர்க்க விறுவிறுக்கக் கூடத்துக்கு வந்து முந்தானையால் விசிறிக்கொள்வாள். மாலையில் நான் எப்போது போனாலும் அந்த ஜன்னல் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் படகுத்துறையில் கித்தான் தைக்கிறவள். ஒரு மெஷின், ஒரு நீள மேஜை, தகர ஷெட். அத்தான் கிடங்கு வேலையை விட்டுவிட்டு முகத்துவாரத்தைக் கடக்கிற பயணிகள் படகு ஒன்றை வாங்கியபோது, அதற்குக் கூரை தைத்தவள் நான்தான். கித்தானைத் தாங்க நாலு மூலையிலும் நாலு அலுமினியக் குழாய். ஒவ்வொன்றும் உண்மையில் இரண்டு குழாய். தடித்ததற்குள் மெலிந்தது செருகியிருக்கும். உள்குழாயை மேலே இழுத்து ஒரு திருகை முடுக்கினால் கூரை ஆளுயரத்துக்கு நிற்கும். திருகைத் தளர்த்தினால் உள்குழாய் சரசரவென்று இறங்கி, கூரை இடுப்பளவுக்கு வந்துவிடும். கித்தானைச் சுருட்டிக் கட்டிவிடலாம். பெருங்காற்று வந்தால் அதுதான் வழி. காற்றுக்குக் கூரை எது, பாய் எது என்று தெரியாது. அகப்பட்டதைப் பிடித்துப் படகைக் கவிழ்த்துவிடும்.

அத்தான் அந்தக் கூரையை ஏழு வருடத்துக்கு முன்னால் ஏற்றினார். அதோடு சரி. துறையில் மற்றவர்கள் வாரத்துக்கு ஒருமுறை குழாய்களை ஏற்றி இறக்கித் துடைத்து எண்ணெய் தடவுவார்கள். நாளைக்கு மறுபடி ஏற்றப்போகிற கூரையை இன்றைக்கு எதற்கு இறக்க வேண்டும் என்பது அத்தான் கட்சி. அதற்குப் பதிலாக, வருடாவருடம் பரிசோதனைக்கு முதல் நாள் படகு முழுவதையும் பூசுவார். குழாயும் குழாயும் சேர்கிற வாயையும் பூசுவார். திருகையும் பூசுவார். நான் கித்தானில் அடித்துக் கொடுத்த பித்தளை வளையங்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

பழைய பரிசோதகருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஷூ நனையும் என்று அவர் படகில் ஏற மாட்டார். கரையில் நின்று கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்ப்பார். புதிது மாதிரி இருக்கிறதே என்பார், கையெழுத்துப் போடுவார். இனம் இனத்தோடு சேரும்.

இந்த வருடம் அவர் ஓய்வுபெற்று, ஒரு பெண் பரிசோதகர் வந்தார். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறவர். திங்கட்கிழமை காலை துறையில் நோட்டீஸ் ஒட்டினார். வேறு எங்கோ காற்றில் ஒரு படகு கவிழ்ந்ததாம். அதனால் வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒவ்வொரு படகுக்காரரும் அவர் கண் முன்னால் இரண்டு நிமிடத்துக்குள் கூரையை இறக்கிக் காட்ட வேண்டும். இறங்காத படகைக் கட்டிப்போட வேண்டியதுதான். அந்தப் படகுக்கு மறுபரிசோதனை மூன்று மாதம் கழித்துத்தான்.

நோட்டீஸைச் சுற்றி எல்லோரும் அத்தான் முகத்தைத்தான் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் எதற்கு, தனக்கு ஒரு நிமிடம் போதும் என்றார் அவர்.

அன்று மாலை கடைசி நடை முடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரோடு படகில் ஏறினார். திருகைக் காணோம். திருகு இருந்த இடத்தில் வெள்ளியாக ஒரு மரு இருந்தது. அதைச் சுரண்டி, தலையைக் கண்டுபிடித்து, திருப்பினார், அசையவில்லை. குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், படகுதான் ஆடியது. உப்புக் காற்றில் அலுமினியம் உள்ளுக்குள்ளேயே வெள்ளையாகப் பூத்து, ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஏழு வருடப் பெயின்ட். உடும்புப் பிடி. தொங்கிப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார், எண்ணெய் ஊற்றினார். எண்ணெய் பெயின்டின் மேல் வழிந்து அவர் சட்டைக்கு வந்தது. ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் புகக் கூடாதென்று பூசியவர் எண்ணெய்க்கு மட்டும் வழி விட்டிருப்பாரா?

பக்கத்து ஷெட்டில் இருக்கிற இன்ஜின் மெக்கானிக் எட்டிப் பார்த்து, கட்டர் வைத்து நாலையும் அறுத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டுவிடலாம் என்றார். அதற்கு அத்தான் சம்மதிக்கவில்லை. அறுத்தால் சத்தம் வருமே! துறை முழுக்கத் திரும்பிப் பார்க்குமே! இதெல்லாம் எனக்குத் தூசு என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கிடமே பெரிய பைப் ரெஞ்சை இரவல் வாங்கி, மூலைக் குழாய் ஒன்றைக் கடித்துப் பிடித்து முறுக்கினார். அலுமினியம் என்ன இரும்பா? குழாய் நசுங்கியது. வட்டமாக இருந்தது முட்டை வடிவம் ஆயிற்று. இனி அதற்குள் எதுவும் ஏறாது, இறங்காது.

செவ்வாய்க்கிழமை காலை என் கடைக்கு வந்து, எல்லாம் நான் கித்தானை இழுத்துத் தைத்ததால் வந்த வினை, கூரை இறுக்கிப் பிடிக்கிறது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு வந்த கோபத்தில், இவர் படகு மூன்று மாதம் என்ன, முப்பது மாதம் கட்டிக் கிடக்கட்டும் என்று மனதார நினைத்தேன். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, அவர் படகை எடுத்துக்கொண்டு போன பிறகு, பதினோரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். பகலில் நான் அந்த வீட்டுக்குப் போவதே இல்லை. பகலில் என்னால் மெஷினைவிட்டு எழுந்திருக்க முடியாது.

சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு கதவும் விரியத் திறந்து, வெளிச்சம் அடுப்புவரைக்கும் விழுந்து கிடந்தது. அக்கா ஜன்னல் கட்டையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையில் டீயோடு, எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சினிமா பார்ப்பதுபோல் அவ்வளவு நிம்மதி. என்னைப் பார்த்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகுதான் உட்காரச் சொன்னாள்.

அவள் அதைத் திறந்து நாலு வருடம் ஆகிறதாம். பழைய பிளேடை வைத்துச் சந்தில் இருக்கிற பெயின்டை ஒரு நாளைக்கு ஒரு விரல் நீளம் அறுத்திருக்கிறாள். கொதிநீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி இளக்கியிருக்கிறாள். இழுத்தால் வராது, அடித்தால் பிளந்துவிடும் என்று கண்டுபிடித்து, ஒரு மரக்கட்டையால் சுற்றிலும் தட்டித் தட்டி, மூன்று மாதம். ஒரு நாள் முனகிக்கொண்டு திறந்ததாம். தினமும் அத்தான் வாசலைத் தாண்டியதும் திறப்பாள். ஒரு மணிக்கு அவர் சாப்பிட வருவார் என்று பன்னிரண்டரைக்குச் சாத்துவாள்.

“அத்தான் ஒரு தடவைகூடப் பாக்கலையா?” என்று கேட்டேன்.

“பூசினதை அவர் எங்க திரும்பிப் பாக்கிறார்? திரும்பிப் பாக்க வேணாம்னுதானே பூசுறார்.”

நான் குழாய் விஷயத்தைச் சொன்னேன். அறுத்து, சூடு காட்டி, தட்டி எடுக்கிற வித்தை தெரிந்த ஒரே ஆள் அவள்தான், துறைக்கு வந்தால் நாளைக்குள் முடித்துவிடலாம் என்றேன். முடியாது என்றாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். ஜன்னல் விஷயம் வெளியே வரும். தெரிந்தால் அன்றைக்கே பிரஷ்ஷோடு வந்து நிற்பார். உன் அத்தான் பாடு, அவர் குழாய் பாடு என்று டீயைக் குடித்து முடித்தாள்.

நானும் விட்டுவிடலாம் என்று எழுந்தேன். எழுந்தவள், சரி, மூன்று மாதம் படகு கட்டிக் கிடந்தால் அத்தான் என்ன செய்வார் என்று சும்மா கேட்டேன். அக்காவின் முகம் மாறியது. வேறு என்ன செய்வார்? வீட்டில் இருப்பார். காலையிலிருந்து ராத்திரிவரை, மூன்று மாதம், கையில் ஒரு டின்னோடு. பன்னிரண்டரை என்று ஒன்று இருக்காது. திறக்கிற நேரம் என்று ஒன்றும் இருக்காது. அக்கா ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?” என்றாள்.

உலகத்தில் பெண்டாட்டிகள் புருஷன் தொழிலுக்குக் கைகொடுப்பதற்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். என் அக்காவுக்கு ஒரே காரணம், அவர் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அறுக்காமல் எடுத்துத் தருகிறோம் என்று நான் சொன்னதும், புதன்கிழமை மத்தியானத்தோடு அத்தான் படகை நிறுத்தினார். நானும் மெக்கானிக்கும் கித்தானை அவிழ்த்து, நாலு குழாய்களையும் அடியோடு கழற்றி என் கடை மேஜையில் கொண்டுவந்து போட்டோம். அக்கா ஒரு பெரிய கெட்டிலும் ஒரு பழைய பிளேடும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் அத்தான் சிரித்தார். குழாய்க்கு டீ போட்டுக் கொடுக்கப் போகிறாயா என்று மெக்கானிக்குக் கேட்கும்படியாகவே கேட்டார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் குழாயின் வாயைச் சுற்றிப் பிளேடை ஓட்ட ஆரம்பித்தாள்.

திருகுகளை நான் பார்த்துக்கொண்டேன். மெஷின் ஊசியைப் பிடிக்கிற திருகோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவளுக்குத் தெரியும்: இறுகிய திருகை எடுத்தவுடனே தளர்த்தப் பார்க்கக் கூடாது, முதலில் இன்னும் ஒரு நூல் முடுக்க வேண்டும், அது கிரீச்சென்றால் பிறகு எதிர்ப்பக்கம் திருப்பலாம். மூன்று திருகு நல்லபடியாக வந்தன. ஒன்று தலை ஒடிந்தது. மெக்கானிக் துளைபோட்டு எடுத்தார்.

அக்கா பிளேடு ஓட்டிய இடத்தில் பெயின்ட் வளையம் வளையமாக உதிர்ந்தது. ஏழு வளையம். மரத்துக்கு வயது பார்ப்பதுபோல் பரிசோதனைகளை எண்ணலாம். உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி. அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் ஊற வைத்தாள். பிறகு குழாயை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, அடிவாயில் துணியை அடைத்து, உள்குழாய்க்குள் பானைத் தண்ணீரை ஊற்றினாள். வெளிக்குழாயைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டி, அதன்மேல் கெட்டிலிலிருந்து கொதிநீரை மெல்ல விட்டாள். வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி. மரக்கட்டையால் சுற்றிலும் தட்டினாள். “இழுக்காதே, திருகு. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்,” என்று என்னிடம் சொன்னாள். கை வழுக்காமலிருக்க உள்குழாயில் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடித்து நான் திருகினேன். ஒன்றும் இல்லை. மறுபடி கொதிநீர், மறுபடி தட்டு. நாலாவது தடவையில் உள்ளே நற நற என்று ஒரு சத்தம். உள்குழாய் ஒரு மயிரிழை திரும்பியது. அப்புறம் ஒரு விரல். அப்புறம் சுற்றிக்கொண்டே வெளியே வந்துவிட்டது.

அத்தான் அதுவரை வாசலில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்தார்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா தலை நிமிரவில்லை. “ரெண்டு டம்ளர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா எப்படி எடுப்பேன்? அதேதான்,” என்றாள். அத்தானுக்கு அது போதுமாக இருந்தது. அடுப்படி வித்தைதானே என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலத்துக்குள் மூன்று குழாய் வந்துவிட்டது. மூன்றையும் தேய்த்துத் துடைத்து எண்ணெய் தடவி, ஏற்றி இறக்கிப் பார்த்தோம், வெண்ணெயாக இறங்கின. அத்தான் ரெஞ்சு வைத்த நாலாவதை நசுங்கிய இடம்வரை அறுத்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை; மிச்சத்தை அக்கா அதே வித்தையில் விடுவிக்க, மெக்கானிக் திருகுக்குப் புதுத் துளை போட்டார். அதனால் அந்த மூலை மட்டும் நாலு விரற்கடை குட்டை. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூங்கி வழிகிறவன் தலைமாதிரி நின்றது. சாய்ந்த மூலைக்குத் தகுந்தபடி நான் கித்தானைப் பிரித்து மறுபடி தைத்தேன். அத்தான் எங்களுக்குச் செய்த ஒரே உதவி, பெயின்ட் போன இடமெல்லாம் அசிங்கமாக இருக்கிறதே, மெலிதாக ஒரு கோட் அடித்துவிடட்டுமா என்று கேட்டதுதான். அக்கா மேஜைமேல் இருந்த பிளேடைக் கையில் எடுத்தாள். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பரிசோதகர் அம்மா வந்தார். துறையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு அத்தான் படகுக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். வேடிக்கை பார்க்க டிக்கெட் வைத்திருந்தால் அன்று நல்ல வசூல் ஆகியிருக்கும். நானும் அக்காவும் கரையில், கடைவாசலில் நின்றோம். கழுவின கெட்டில் இன்னும் அக்காவின் கையில் இருந்தது. பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அத்தான் திருகைத் தளர்த்தினார், ஒன்று இறங்கியது. இரண்டு. மூன்று. குட்டை மூலையும் இறங்கியது. கித்தானைச் சுருட்டிக் கட்டி நிமிர்ந்தார். ஒரு நிமிடம் பத்து விநாடி. சிரிக்கக் காத்திருந்தவர்கள் கைதட்ட வேண்டியதாயிற்று. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மறுபடி ஏற்றச் சொல்லிப் பார்த்த பரிசோதகர், ஒரு மூலை தாழ்ந்திருப்பது ஏன் என்று கேட்டார். மழைத் தண்ணீர் ஒரே பக்கமாக வழிவதற்காகத் தானே யோசித்து அப்படி வைத்ததாக அத்தான் சொன்னார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி. பரிசோதகர் படகில் ஏறினார். குனிந்து, குழாயின் வாயில் பெயின்ட் விளிம்பில் இருந்த மெல்லிய பிளேடுக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இவ்ளோ பெயின்ட்ட ஒரு கீறல் படாம எடுத்திருக்காங்களே. ரொம்பப் பொறுமை வேணும். யார் செஞ்சது?” என்றார்.

அத்தான் கரைப்பக்கம் பார்த்தார். அக்காவைப் பார்த்தார் என்றே நான் சத்தியம் செய்வேன். அவர் வாய் திறந்த அந்தக் கண நேரம், மனுஷன் சொல்லிவிடப் போகிறார் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

“நான்தான் மேடம். வாராவாரம் எண்ணெய் போட்டு, கொழந்த மாதிரி பாத்துக்குவேன்.”

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. என்னமோ கணக்கு சரியாகிவிட்டதுபோல ஒரு தெளிவுதான் இருந்தது. பரிசோதகர் அனுமதித் தாளில் கையெழுத்துப் போடுவதை முழுசாகப் பார்த்தாள். பிறகு கெட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன்.

வீட்டுக்குப் போனதும் ஜன்னலைத் திறந்தாள். சமைத்தாள். பன்னிரண்டரைக்கு, பழக்கதோஷத்தில் எழுந்து போய் ஜன்னல் கதவில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, தட்டுகளை எடுத்து வைத்தாள். ஜன்னல் திறந்தபடியே இருந்தது.

ஒரு மணிக்கு அத்தான் வந்தார். தெருமுனையிலிருந்தே குரல் கேட்டது. யார் யாரிடமோ ஒரு நிமிடம் பத்து விநாடி என்று சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே வந்ததும் அனுமதித் தாளை எங்கள் இருவருக்கும் தெரிகிற மாதிரி சமையலறை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவத் திரும்பினார். தாள் பறந்தது. பிடித்து மறுபடி வைத்தார். மறுபடி பறந்து அடுப்போரம் போயிற்று. குனிந்து எடுத்தவர், காற்று எங்கேயிருந்து வருகிறது என்று முகத்தைத் தூக்கினார்.

ஜன்னலைப் பார்த்தார். கிட்டே போனார். கதவின் விளிம்பில் விரலை ஓட்டினார். காலையில் பரிசோதகர் குழாயில் தடவிய அதே மெல்லிய கோடு அங்கேயும் இருந்தது, தேய்ந்து பழசாகி.

“இது எப்போ திறந்துச்சு?”

“நாலு வருஷம் ஆச்சு,” என்றாள் அக்கா.

“நான் ஒரு நாளும் பாக்கலையே.”

“நீங்க வர்ற நேரத்துக்கு மூடிடுவேன்.”

“ஏன்?”

“தெரிஞ்சா மறுபடியும் பூசிடுவீங்க.”

சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அத்தானுக்கு எப்போதும் ஒரு பதில் உண்டு. மழைத் தண்ணீருக்கு ஒன்று, மீட்டர் கண்ணாடிக்கு ஒன்று, விழுந்த கம்பத்துக்குக்கூட ஒன்று வைத்திருந்தார். நான் காத்திருந்தேன். அவர் கையில் தாளோடு நின்றபடி அடுப்பைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், வாசல் வழியே கூடத்தில் சான்றிதழ் தொங்குகிற சுவரைப் பார்த்தார், முதல் தடவை வந்த வீட்டைப் பார்ப்பதுபோல. பிறகு மேஜைக்கு வந்து உட்கார்ந்து, தாளின் மேல் டம்ளரை வைத்தார்.

“நான் வர்றப்போ வேற என்னெல்லாம் மூடுவே?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

அக்கா அவருடைய தட்டை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

“சாப்பிடுங்க. காத்துல ஆறிடும்.”

அவர் சாப்பிட்டார்.